ரவுட்டரைக் கழற்றும் முன், கனெக்‌ஷன் யார் பெயரில் என்று கேளுங்கள்

வெளிநாட்டில் வாடகைக்குப் போகும் வீட்டில் பெரும்பாலும் இன்டர்நெட் ஏற்கெனவே இருக்கும். கூடத்தின் மூலையில் ஒரு பழைய பெட்டி, நம் அறைக்கு வந்து சேர்வது ஒற்றைக் கோடு சிக்னல். புது ரவுட்டர் வாங்கி மாட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். தாராளமாக மாட்டலாம். ஆனால் ஊரில் லைன் போட வந்தவரே எல்லாவற்றையும் செய்துவிட்டு, வைஃபைக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று மட்டும் கேட்டிருப்பார். பெட்டிக்குள் அவர் வேறென்ன பதிந்தார் என்று நாம் பார்த்திருக்க மாட்டோம். இங்கே அது தெரிந்தாக வேண்டும்.

முதலில் சுவரிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். டிவி கேபிள் போல உருண்டையாக, திருகி மாட்டுகிற வயர் என்றால், அதன் முனையில் இருக்கும் மோடம், அதாவது லைனில் வரும் சிக்னலை இன்டர்நெட்டாக மாற்றும் பெட்டி, இன்டர்நெட் கம்பெனியிடம் பதிவாகி இருக்க வேண்டும். மோடத்தை அப்படியே விட்டு ரவுட்டரை மட்டும் மாற்றினால், மோடத்தின் பவரைச் சில நிமிடங்கள் அணைத்துப் போடுங்கள். பல மோடங்கள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியையே, அதாவது அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்ணையே, பிடித்துக்கொண்டிருக்கும். ஃபைபர் என்றால் சுவரை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி தனியாக இருக்கும். அதைத் தொடாதீர்கள், அதற்கு அடுத்திருக்கும் ரவுட்டரை மட்டும் மாற்றுங்கள். டெலிபோன் வயர் என்றால் உள்ளேயே டிஎஸ்எல் மோடம் இருக்கும் ரவுட்டராகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ரவுட்டரில் அந்த வயரைச் செருகிப் பயனில்லை.

இனி என் நண்பருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடையது டெலிபோன் வயர் இணைப்பு. சரியான ரவுட்டர்தான் வாங்கினார். பழையதைக் கழற்றி, பின்பக்க ஓட்டையில் ஊசியால் அழுத்தி ரீசெட் செய்து, பெட்டியில் கட்டி வைத்துவிட்டுப் புதியதை மாட்டினார். லைன் விளக்கு பச்சை, இன்டர்நெட் விளக்கு சிவப்பு. ரவுட்டர்தான் கோளாறு என்று கடையில் கொடுத்து வேறொன்று வாங்கி வந்தார். அதிலும் அதே பச்சை, அதே சிவப்பு.

காரணம் இதுதான். பச்சை விளக்கு சொல்வது, வயர் வழியாக எக்ஸ்சேஞ்சோடு தொடர்பு கிடைத்துவிட்டது என்பதை மட்டும். இத்தகைய பல இணைப்புகளில் அதற்குப் பிறகு பிபிபிஓஇ என்ற முறையில் ரவுட்டர் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போக வேண்டும். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, கம்பெனி கொடுத்த வேறு பாஸ்வேர்டு. அது பழைய பெட்டிக்குள் இருந்தது. ரீசெட் செய்ததும் அழிந்துவிட்டது.

சரி, கம்பெனியைக் கேட்கலாம் என்று போன் செய்தால், கனெக்‌ஷன் ஹவுஸ் ஓனர் பெயரில். ஒப்பந்தக்காரரைத் தவிர யாரிடமும் பேச மாட்டோம் என்றார்கள். ஹவுஸ் ஓனரோ பயணத்தில் இருந்தார். அவர் ஒருவழியாகப் பேசியபோது, புது பாஸ்வேர்டு தபாலில்தான் வரும் என்றார்கள். ஊரில் நண்பரின் தங்கைக்குக் குழந்தை பிறந்த நேரம் அது. மொபைல் டேட்டாவில் நின்று நின்று வந்த வீடியோவில்தான் மருமகளின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ரவுட்டரை மாற்றிக் கொடுத்த கடைக்காரராவது, லாகின் விவரம் கையில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆகவே புது ரவுட்டருக்குப் பணம் கொடுக்கும் முன்பே கனெக்‌ஷன் யார் பெயரில் என்று விசாரியுங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால், பெயருக்கு உரியவரையே பேசச் சொல்லி மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: பிபிபிஓஇ யூசர்நேம், அதன் பாஸ்வேர்டு, விலான் எண். கடைசியைப் பலர் விட்டுவிடுவார்கள். லைனுக்குள் இன்டர்நெட் போகும் தடத்தைக் குறிக்கும் எண் அது, ரவுட்டரின் செட்டிங்ஸில் பதிய வேண்டும். ஜெர்மனியின் டெலிகாம் லைன்களில் அது 7, மலேசியாவின் யூனிஃபையில் 500. அது தேவைப்படும் லைனில் எண் தவறினால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணைப்பு வராது. எங்கள் லைனுக்கு இவை வேண்டாம் என்று கம்பெனி சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்தால் போதாதா என்றால், பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் புள்ளிகள்தான் தெரியும். செட்டிங்ஸைச் சேமித்த பேக்கப் ஃபைலும் வேறு கம்பெனி தயாரித்த ரவுட்டரில் ஏறாது.

கேட்கத் தயங்காதீர்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், வாடிக்கையாளர் சொந்த ரவுட்டர் வைத்துக்கொள்ளலாம், அதற்கான லாகின் விவரத்தைக் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. கம்பெனிப் பெட்டியை அகற்றவே கூடாது என்றால், அதை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள், அப்போது அது வெறும் மோடமாக நின்று ரவுட்டர் வேலையை உங்கள் பெட்டிக்கு விட்டுவிடும். அதுவும் முடியாவிட்டால் புது ரவுட்டரை, வைஃபை மட்டும் தரும் ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் வைத்து, கம்பெனிப் பெட்டியின் பின்னால் மாட்டுங்கள். வைஃபை நன்றாகவே கிடைக்கும்.

மீதி எளிது. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தால் வீட்டிலுள்ள போன், டிவி எல்லாம் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ 2, 3 என்ற பழைய, புதிய முறைகள் இரண்டும் கலந்த தேர்வை வையுங்கள், 3 மட்டும் என்றால் பழைய பிரின்டர்கள் சேராது. ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போகும் அட்மின் பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்றுங்கள். அப்புறம், வீட்டு டெலிபோன் பழைய பெட்டியில் செருகியிருந்ததா என்று பாருங்கள். அப்படியானால் பெட்டியை எடுத்ததும் போனும் நின்றுவிடும், அவசர உதவி எண்ணுக்குக்கூட அதில் பேச முடியாது.

புதியது ஒழுங்காக ஓடும்வரை பழையதை ரீசெட் செய்யாதீர்கள். அது வாடகைப் பெட்டியா என்று ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். வாடகை என்றால் அடாப்டரோடு சேர்த்துத் திருப்பி அனுப்பி, பெட்டியின் சீரியல் எண்ணையும் பார்சல் ரசீதையும் போட்டோ எடுத்து அவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். பெட்டி வரவில்லை என்று பில் வந்தால் அது அவர் பெயரில்தான் வரும், அவர் உங்களிடம்தான் கேட்பார்.