கொடைக்கானலில் குழந்தைகளோடு சைக்கிளும் மலைநடையும்

முதலில் இ-பாஸ் (இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி) எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் கட்டாயம். முதல் நாள் ஏரியைச் சுற்றி சைக்கிள், சுமார் 5 கி.மீ., பெரும்பாலும் சமதளம். காலையிலேயே போனால் கார், குதிரை நெரிசல் குறைவு. வாடகை சைக்கிளை வாங்கியதும் பிரேக்கை அழுத்தித் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளக்கூடாது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்கவேண்டும், அந்த அளவுக்கு சீட்டை ஏற்றுங்கள். தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

மறுநாள் பக்கத்திலுள்ள வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற பாறை முனைக்கு நடை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: போகும்போது இறக்கம், பிள்ளைகள் துள்ளி ஓடுவார்கள், திரும்பும்போது முழுக்க ஏற்றம். இறங்கியதைப்போல இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். மரவேர்கள் பின்னிக் கிடக்கும் பாதை, நனைந்தால் வழுக்கும். கோடையிலும் பிற்பகலில் மழை வரலாம், மதியத்துக்குள் மேலேறிவிடுங்கள். பாறை முனையில் பிள்ளைகளின் கையை விடவே விடாதீர்கள்.