மேப்பிள் இலையை விடுங்க, சுண்டலுக்கு வாங்க: குழந்தைகளுக்கு நன்றி பழக்கும்போது நாம் சொதப்பும் இடங்கள்

அக்டோபர் வந்தால் போதும், அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் 'நன்றி மரம்' படங்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். காய்ந்த கிளை, அதில் ஆரஞ்சு நிற மேப்பிள் இலைகள், இலைக்கு ஒரு நன்றி. அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், அதையொட்டி அங்கே இலையுதிர் காலத்தில் செய்வது. அங்கே சரி, ஆனால் சென்னையில் அப்போது மழை கொட்டிக்கொண்டிருக்கும், இலை எங்கே உதிர்கிறது? போன வருஷம் நானும் கலர் பிரின்ட் எடுத்து, வெட்டி, ஒட்டக் கொடுத்தேன். நாலு வயது மகள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நட்சத்திரம் ஏன்மா கிழிஞ்சிருக்கு?" என்றாள். தெருவில் வாதாம் மரம் இருந்தால் சிவந்து விழும் இலையைப் பொறுக்கச் சொல்லுங்கள். நல்ல பெரிய இலை, படம் வரையவும் இடம் இருக்கும்.

அடுத்த தவறு, கேள்வி கேட்பது. "இன்னைக்கு எதுக்கெல்லாம் நன்றி சொல்லுவ?" என்றால் மூன்று வயசுக் குழந்தை "பிஸ்கட்" என்றுதான் சொல்லும். உடனே நாம், "சோறு இல்லாம எத்தனை பிள்ளைங்க இருக்காங்க தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பாவம், அதற்குக் குற்றவுணர்ச்சிதான் மிஞ்சும். பிஸ்கட் நல்ல பதில்தான். யார் வாங்கி வந்தது, எந்தக் கடையில், அந்த அண்ணன் எப்படி எட்டி எடுத்துக் கொடுத்தார் என்று பேச்சை அந்தப் பக்கம் கொண்டு போங்கள்.

தினமும் நன்றி நோட்டு எழுத வைப்பதும் வேண்டாம். அமெரிக்காவில் சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழுவினர் கல்லூரி மாணவர்களிடம் ஆறு வாரம் செய்த ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. பெரியவர்களுக்கே அப்படி என்றால் எல்கேஜி பிள்ளைக்கு அது இன்னொரு ஹோம்வொர்க்.

இத்தனைக்கும் நன்றி சொல்லவென்றே நமக்கு ஒரு நாள் இருக்கிறது, ஆயுத பூஜை. ஆனால் எல்லாவற்றையும் பெரியவர்களே துடைத்து, பொட்டு வைத்து, கடைசியில் "வா, கும்பிடு" என்று குழந்தையை இழுத்து வருவோம். எங்கள் தெரு இஸ்திரி அண்ணன் அன்றைக்குக் கரியைக் கொட்டி, பெட்டியைப் பளபளவென்று தேய்த்து, மேலே விபூதிப் பட்டை போட்டு, சாமந்தி சொருகி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த என் மகள் தன் மூன்று சக்கர சைக்கிளுக்குச் சக்கரம் சக்கரமாகக் குங்குமம் அப்பினாள். தரையெல்லாம் சிவப்பு, துடைக்க அரைமணி நேரம் ஆனது, ஆனாலும் நான் பிரின்ட் எடுத்த மரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

கொலுவிலும் இதே கதைதான், "தொடாதே, உடைஞ்சிடும்". முதல் நாள் ராத்திரி கொண்டைக்கடலை ஊற வைக்கும்போது கூப்பிடுங்கள், காலையில் அது உப்பியிருப்பதைக் காட்டுங்கள், கறிவேப்பிலை உருவச் சொல்லுங்கள். அப்புறம் வருகிறவர்களுக்கு அதன் கையாலேயே சுண்டல் கொடுக்கட்டும். நாலு வயதுக்குக் கீழே என்றால் அதற்கு மட்டும் கடலையை மசித்துக் கொடுங்கள், முழுசாகப் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, சொல்லவே கூச்சம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக்காரம்மாவிடம் இருபது ரூபாய்க்குப் பத்து நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு, பையை வாங்கும்போது "ஆன்ட்டிக்கு தேங்க்யூ சொல்லு" என்கிறோம். நானும்தான்.

தீபாவளி சமயத்தில் பழைய துணி கொடுக்கும் படலம் வரும். குழந்தையை நிறுத்தி, வாங்குகிறவர் முகத்தோடு சேர்த்து ஸ்டேட்டஸுக்குப் படம் எடுக்காதீர்கள். கிழிசலைக் கழித்துவிடுங்கள். மீதியைத் துவைத்து, பட்டன் தைத்து, மடிக்கும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள், கோணலாகத்தான் மடிக்கும், பரவாயில்லை.