பேரூராட்சிக்கு மனு எழுதுவது எப்படி: எதிர்க்கடைக்காரி சொல்வது

எங்கள் ஊர் பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். தென்காசிப் பக்கம் சின்ன ஊர். கல்யாணப் பத்திரிகை, ஆதார் நகல், பள்ளிக்கூடப் பிராஜெக்ட் எல்லாம் வரும். ஆனால் வாரம் முழுக்கத் தட்டுவது மனுதான். தண்ணீர் வரவில்லை, லைட் எரியவில்லை, வாறுகால் (தெருவோரச் சாக்கடை) நாறுகிறது. எழுதித் தருகிறவள் நான் என்றாலும், நீங்களே எழுதிக்கொள்ளக் கூடிய வேலைதான் இது. எது நடக்கிறது, எது ஃபைலில் தூங்குகிறது என்று எதிரே உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "எம்மா, நேரே கலெக்டருக்கே எழுதிரு." ஆச்சி, கலெக்டரா வந்து வாறுகால் அள்ளப் போகிறார் என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் கலெக்டருக்குப் போகிற மனு, கடிதத்தோடு இறங்கி இறங்கி எங்கள் எதிர் அலுவலகத்துக்கே வந்து சேரும். அதனால் முதல் மனு எங்கே போக வேண்டுமோ அங்கே போகட்டும். கலெக்டர் அப்புறம்.

முதலில் அது யாருடைய பொருள் என்று பாருங்கள்

பாதி மனுக்கள் தோற்பது இங்கேதான். தெருவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் மின்வாரியத்தினுடையது, அதில் தொங்குகிற விளக்கு பேரூராட்சியினுடையது. பல்பு எரியவில்லை என்றால் பேரூராட்சி. கம்பம் சாய்ந்திருந்தாலோ கம்பி தாழ்ந்து தொங்கினாலோ மின்வாரியம். அதற்கு மனு எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ஐ உடனே கூப்பிடுங்கள். எந்தப் புகாராக இருந்தாலும் கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "மளிகைக் கடைப் பக்கத்துக் கம்பம்" என்று எழுதினால், புதிதாக வந்த ஊழியருக்கு எந்த மளிகைக் கடை என்று தெரியாது.

ரோடும் அப்படித்தான். ஊர் நடுவே போகிற பஸ் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையினுடையது. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. அதில் விழுந்த குழியை மூடச் சொல்லிப் பேரூராட்சியில் மனு கொடுத்தால், "எங்கள் எல்லையில் இல்லை" என்ற ஒரு வரிப் பதில்தான் வரும். அந்த ரோட்டிலிருந்து பிரிகிற தெருக்கள் பேரூராட்சிக் கணக்கு.

குடிநீர் கொஞ்சம் சிக்கல். எங்கள் பக்கம் தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. மேல்நிலைத் தொட்டி வரைக்கும் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக் குழாய் வரை பேரூராட்சி. ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லையென்றால் கோளாறு மேலே. உங்கள் தெருவில் மட்டும் இல்லையென்றால் வால்வு அல்லது உடைப்பு. அதற்கு ஃபிட்டரைப் பார்த்தாலே போதும். "பக்கத்துத் தெருவில் வருகிறது, எங்கள் தெருவில் வரவில்லை" என்ற ஒரு வரியை மனுவில் சேர்த்தால், ஃபிட்டர் எந்த வால்வை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கிளம்புவார்.

புறம்போக்கு ஆக்கிரமிப்பு, பட்டா, ஓடையை மறித்த வேலி எல்லாம் வருவாய்த் துறை. தாசில்தாருக்கு எழுதி, பேரூராட்சிக்கு ஒரு நகல் போடுங்கள்.

சின்ன வேலையா, புது வேலையா

அடைப்பு எடுப்பது, பல்பு மாற்றுவது, உடைந்த ஸ்லாப் போடுவது இவையெல்லாம் பராமரிப்பு. செயல் அலுவலர் சொன்னால் நடக்கும். அவரை ஊரில் ஈ.ஓ. என்றுதான் சொல்வோம். மனுவை அவர் பெயருக்கே எழுத வேண்டும்.

புது வாறுகால், பேவர் பிளாக் ரோடு, புது விளக்குக் கம்பம் என்றால் கதை வேறு. எஸ்டிமேட் போட வேண்டும், மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், எந்த நிதியிலிருந்து செலவு என்று முடிவாக வேண்டும், டெண்டர் வேண்டும். இதற்கு ஈ.ஓ.வுக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, உங்கள் வார்டு உறுப்பினருக்கு ஒன்று என மூன்று நகல் எடுங்கள். தீர்மானத்துக்குக் கை தூக்குகிறவர்கள் உறுப்பினர்கள்தான். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை உறுப்பினர்களே இல்லாமல் தனி அலுவலர் வைத்து ஓடிய காலத்தில், கவுன்சிலரைப் பார்க்கிற பழக்கமே எங்கள் ஊரில் விட்டுப்போயிற்று. 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்ட பிறகும் பலர் நேரே ஈ.ஓ. அறைக்கே போகிறார்கள். புது வேலைக்கு அது பாதி வழிதான்.

தெருவில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் இருந்தால் நமக்கு நாமே திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். பணம் போட்டவர்கள் சிமெண்ட் கலவையைக் கவனிக்கிற கவனம் தனி. காண்டிராக்டர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

எழுதுகிற விதம்

மனுவை வாசிக்கிறவர் நாற்காலியிலிருந்து எழுந்து, யாரிடமும் வழி கேட்காமல் நேரே அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். "பல தலைமுறைகளாக வசித்து வருகிறோம்", "சொல்லொணாத் துயரம்", "பொன்னான நேரத்தை ஒதுக்கி" எல்லாவற்றையும் நான் வெட்டிவிடுவேன். சில பேருக்கு வருத்தம்தான், எழுதக் கொண்டுவந்ததே அதைத்தான். இரண்டு பக்கம் அரைப் பக்கம் ஆகிவிடும்.

நான் தட்டித் தருவது இந்த அச்சில் இருக்கும்:

பெறுநர்: செயல் அலுவலர் அவர்கள், (ஊர்) பேரூராட்சி.

பொருள்: வார்டு 7 – பிள்ளையார் கோயில் மேலத் தெரு – வடக்கு ஓர வாறுகால் அடைப்பு – தூர்வாரவும் உடைந்த ஸ்லாப் ஒன்றை மாற்றவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா, மேற்படி தெருவில் கதவு எண் 14 முதல் 22 வரை சுமார் 60 அடி நீளத்துக்கு வாறுகால் அடைத்து, கழிவுநீர் தெருவில் நிற்கிறது. கதவு எண் 18-க்கு முன் ஸ்லாப் உடைந்துள்ளது. பள்ளிப் பிள்ளைகள் அவ்வழியே செல்கின்றனர். படங்கள் 2 இணைத்துள்ளோம். வாறுகாலைத் தூர்வாரி, எடுத்த மண்ணை அன்றே அப்புறப்படுத்தவும், ஸ்லாப்பை மாற்றித் தரவும் கேட்டுக்கொள்கிறோம்.

"எடுத்த மண்ணை அன்றே" என்பதை யாரும் சொல்லி நான் சேர்க்கவில்லை. வாறுகாலை அள்ளி ஓரத்தில் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். காயட்டும், வண்டி வரும் என்பார்கள். வண்டிக்கு முன்னால் மழை வந்துவிடும். குவித்த மண் பழையபடி உள்ளே. மனுவின்படி வேலை முடிந்தது, தெரு அப்படியே இருக்கிறது. அதனால் எதைக் கேட்டாலும், அந்த வேலை எதோடு முடிய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குழாய் உடைப்புக்குத் தோண்டினால் "பள்ளத்தை மூடிச் சமன் செய்து தரவும்". பல்பு கேட்டால் "சுவிட்ச் பெட்டியையும் சரிபார்க்கவும்".

ஒரு மனுவுக்கு ஒரு விஷயம். வாறுகால், நாய், பட்டா, முதியோர் பென்ஷன் நான்கையும் ஒரே தாளில் எழுதினால் அது நான்கு மேஜைக்குப் போக வேண்டிய தாள். ஒரு மேஜையிலும் தங்காது. நாலு பேர் நாலு மனுவாகக் கொடுத்துவிடுங்கள்.

கையெழுத்து நூறு வேண்டியதில்லை. அந்தப் பாதிப்பு யார் வீட்டு வாசலில் இருக்கிறதோ அவர்கள் போட்டால் போதும், கதவு எண்ணோடு. தண்ணீர்ப் பிரச்சினை என்றால் குடம் தூக்குகிற பெண்கள் கையெழுத்துப் போடட்டும். வீட்டுக்காரர்களுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்றே தெரிவதில்லை. விசாரிக்க வரும் பணியாளர் "எப்போ வந்தது, எவ்வளவு நேரம் வந்தது" என்று கேட்டால் பதில் சொல்கிறவர் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். ஒருவருடைய போன் நம்பர் கட்டாயம், போனை எடுக்கிற ஒருவருடையது.

படம் எடுக்கும்போது சாக்கடையை மட்டும் குளோசப்பில் எடுத்துவராதீர்கள். எல்லா ஊர்ச் சாக்கடையும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்னால் கோயில் வளைவோ கடைப் பலகையோ தெரிய ஒன்று, கிட்டத்தில் ஒன்று.

கொடுக்கும்போது

இரண்டு நகல். ஒன்று அவர்களுக்கு, ஒன்றில் தபால் பிரிவில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கிடுதோம்" என்று அன்பாகச் சொல்வார்கள். நீங்களும் அதே அன்போடு, "சரி அண்ணாச்சி, இதுல ஒரு சீல் மட்டும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். சண்டை வேண்டாம். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. கண்டிப்பாகத் தர மாட்டோம் என்றால் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

போவதற்கு முன் வீட்டு வரி பாக்கியைப் பாருங்கள். பாக்கி இருந்தால் மனு வாங்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் கவுண்டரில் முதல் கேள்வி அதுவாக இருந்தால் உங்கள் குரல் தன்னால் இறங்கிவிடும். வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. பில் கலெக்டர் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தேதி போய்விடும்.

பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பொறுங்கள். இடையில் ஒரு தடவை போய் உங்கள் மனு எந்த ஊழியரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவையுங்கள். அப்புறம்தான் திங்கள்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதால் எங்களுக்குத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுகிற வேலை மிச்சம். போக முடியாதவர்கள் 1100-க்கு போன் செய்து 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவில் பதியலாம்.

இந்த மனுவும் கடைசியில் எதிர் அலுவலகத்துக்குத்தான் வரும் என்று முன்னமே சொன்னேன். ஆனால் இந்தத் தடவை அது ஒரு எண்ணோடு வரும், மேலே பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு வரும். அதனால் "பார்வை" என்று ஒரு வரி போட்டு, முதல் மனுவின் தேதியை எழுதி, முத்திரை போட்ட நகலின் ஜெராக்ஸை இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

சில சமயம் "நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது" என்று செல்போனுக்குச் செய்தி வரும், தெருவில் தண்ணீர் அப்படியே நிற்கும். எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது. கோபப்பட்டு ஸ்டேட்டஸ் போடுவதைவிட, அன்றைய தேதியோடு படம் எடுத்து, அதே மனு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி மனு போடுங்கள். அதற்குப் பதில் சொல்வது அலுவலகத்துக்குக் கஷ்டம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஒரு தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் தர வேண்டியதில்லை, அலுவலகத்தில் இருக்கிற ஆவணத்தைத்தான் தருவார்கள். "இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்", "இந்த வார்டில் இந்த ஆண்டு வாறுகால் தூர்வாரியதற்கான செலவுச் சீட்டின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பல சமயம் இந்தத் தாள் போன வாரத்திலேயே தூர்வாருகிற ஆட்கள் தெருவுக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தகவல் வருவதற்கு முன்னால் வேலை வந்துவிடும்.

கூட்டம்

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 வந்தால் டிவியில் கிராம சபையைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல எங்க நடக்கு?" என்று கடையில் கேட்பார்கள். நமக்குக் கிராம சபை கிடையாது, அது ஊராட்சிக்கு. நூறு நாள் வேலை நமக்கு இல்லாததும் இதனால்தான். பக்கத்துக் கிராமங்கள் பேரூராட்சியோடு சேர மாட்டோம் என்று சண்டை போடுவதற்கும் அதுதான் பெரிய காரணம். நகரப் பகுதிக்கு இருப்பது வார்டு வாரியான பகுதி சபா. 2022 நவம்பர் 1-ல் தமிழகம் முழுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் முதல் கூட்டத்துக்கு நாற்காலிதான் அதிகம் வந்திருந்தது.

நடக்கும்போது போங்கள். நீளமாகப் பேச வேண்டாம். முத்திரை போட்ட மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தேதியைச் சொல்லி, "இதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்று, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வார்டு எண்ணும் தெருப் பெயரும் அதில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள்.