கால்குலேட்டருக்குப் பின்விளக்கு: சறுக்குவது வெள்ளித்தாளில்தான்

ஏற்காட்டில் மழைக்காலத்தில் ஒரு மரம் லைன்மேல் சாய்ந்தால் போதும், ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. அப்படியொரு ராத்திரியில், அண்ணன் வெளிநாட்டில் படித்துவிட்டுக் கொண்டுவந்த டிஐ-83 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டரை மெழுகுவத்தி பக்கத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்விளக்கு வைக்கும் ஆசை அப்போது வந்ததுதான். முதல் கால்குலேட்டர் போயே போச்சு. பழசாக வாங்கிய இரண்டாவதில்தான் வெளிச்சம் வந்தது.

பலரும் எல்இடி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் என்றுதான் பயப்படுகிறார்கள். அது சுலபம். காலை வாருவது திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாள். முன்னாலிருந்து உள்ளே போகும் வெளிச்சத்தை அந்தத் தாள் திருப்பி அனுப்புவதால்தான் 96-க்கு 64 புள்ளிகள் கொண்ட திரை நமக்குத் தெரிகிறது. அதை எடுக்காமல் பின்னால் எத்தனை எல்இடி வைத்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் விளக்கேற்றியது மாதிரிதான்.

சரி, எடுத்துவிடலாம் என்று அவசரப்பட்டால் அடுத்த பள்ளம். திரைக் கண்ணாடியின் இரு பக்கமும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் என்ற படலம் உண்டு. பின்பக்கப் படலத்தின் மேல்தான் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து உரிந்து வந்தால், கால்குலேட்டர் ஓடும். திரையில் மட்டும் ஒன்றுமே தெரியாது. எனக்கு அதுதான் நடந்தது. போர்டு எரிந்துவிட்டது என்று நினைத்து, இல்லாத கோளாறைத் தேடி, திரையைப் போர்டோடு இணைக்கும் ரிப்பனையும் பிய்த்துவைத்தேன். உண்மையில் ஒரு துண்டு போலரைசர் போதும். உடைந்த டிஜிட்டல் மீட்டர் திரையிலிருந்துகூட எடுக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடக் கூடாது. திரையை ஆன் செய்து, துண்டைப் பின்னால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் எழுத்து கறுப்பாக வரும்; 90 டிகிரி திருப்பினால் இருட்டுப் பின்னணியில் எழுத்து மின்னும். பிடித்த கோணத்தைக் குறித்துக்கொண்டு அப்புறம் வெட்டுங்கள்.

உரிக்கிற முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா. அவரிடம் மெல்லிய இடுக்கி கேட்கப் போனேன். என் கையைப் பார்த்துவிட்டு, "மேல தூக்காதடா, படுக்க வெச்சு இழு" என்றார். மல்கோவாத் தோல் மாதிரி மேல்நோக்கி இழுத்தால் கண்ணாடி விரிசல் விடும். ஒரு மூலையைக் கிளப்பி, தாளை அதன்மேலேயே மடித்து, கண்ணாடியை ஒட்டினாற்போல் பின்னோக்கி இழுக்க வேண்டும். மிச்சப் பசைக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள், படலம் வெளுத்துவிடும்.

நான் பிய்த்த அந்த ரிப்பன் ஈயத்தில் பற்றவைத்ததல்ல, சூட்டில் அழுத்தி ஒட்டியது. சால்டரிங் அயன் வைத்தால் உருகிப்போகும். கண்ணாடியைப் புரட்டும்போது ரிப்பன் எந்தப் பக்கம் என்று பார்த்துப் புரட்டுங்கள். சால்டரிங்குக்கு ரோசின் (பைன் மரப் பிசின்) உள்ள ஈயமே போதும். குழாய் வேலைக்கான ஆசிட் பேஸ்ட் நாளடைவில் செம்பை அரித்துவிடும்.

மின்சாரக் கணக்கு இவ்வளவுதான்: நான்கு ட்ரிபிள்-ஏ பேட்டரி சேர்ந்தால் 6 வோல்ட். வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். நான்கு எல்இடியைத் தொடராகக் கோத்தால் 12 வோல்ட் கேட்கும், எரியாது. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு 560 ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பக்கம்பக்கமாக (பேரலலாக) இணையுங்கள். ஒன்றுக்கு 5 மில்லியாம்ப் ஓடும். ஸ்விட்ச் வைக்காமல் விடுவதுதான் இங்கே பெரிய தப்பு. நான்கும் 20 மில்லியாம்ப் குடித்தால், மாதக்கணக்கில் வரும் பேட்டரி இரண்டு மூன்று நாளில் காலி.

எல்இடியைத் திரைக்கு நேர் பின்னால் வைத்தால் நான்கு பொட்டு வைத்தது மாதிரி இருக்கும். நேம்போர்டு கடையில் 2 மி.மீ. அக்ரிலிக் துண்டு கேளுங்கள். ஒரு பக்கத்தை உப்புத்தாளில் சொரசொரப்பாகத் தேய்த்து, விளிம்பிலிருந்து வெளிச்சம் விடுங்கள். மேலே ட்ரேசிங் பேப்பர் ஒன்று.

ப்ரோகிராம் எழுதி வைத்திருந்தால் பேட்டரியைக் கழற்றும் முன் ஆர்க்கைவில், அதாவது பேட்டரி போனாலும் அழியாத நினைவகத்தில், போட்டுவிடுங்கள். ராமில் இருப்பதை நம்ப முடியாது. பரீட்சைக்கு எடுத்துப்போகும் எண்ணமிருந்தால் பிரிக்கவே வேண்டாம். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் எப்படியும் கம்ப்யூட்டர் திரையில் வருகிற கால்குலேட்டர்தான்.

மூடி மாட்டியதும் திரை வெளுத்தோ கறுத்தோ தெரிந்தால் பதறாதீர்கள். 'செகண்ட்' பட்டனை அழுத்திவிட்டு மேல், கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கான்ட்ராஸ்ட் மாறும். இது ஞாபகம் வராமல் நான் மூன்று முறை பிரித்து மாட்டினேன். முதுகில் ஒரு ஸ்க்ரூவுக்கு மரை போனது அதில்தான்.