ஒரே பணம் இரண்டு தடவை கழியாமல் பேமெண்ட் சேவை கட்டுவது எப்படி?

பினாங்கு லெபோ பாசாரில் மல்லிகைச் சரம் வாங்கிவிட்டு, கியூஆர் ஸ்கேன் செய்து 12 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன். பூக்கார அக்காவின் கைபேசி இரண்டு தடவை ஒலித்தது. “தம்பி, ரெண்டு வாட்டி வந்திருச்சு” என்று 12 வெள்ளியைக் கையில் திருப்பிக் கொடுத்தார். எல்லாக் கடையிலும் இப்படி அமையாது. டிஜிட்டல் வங்கிக்கான பேமெண்ட் சேவையைக் கிளவுடில் கட்டிப் பழகுகிறவர்கள், இந்தக் கோளாறைத் தடுப்பதிலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: இடம்
அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே ரீஜியன் (டேட்டா சென்டர்கள் உள்ள வட்டாரம்) திறந்தது. அதில் தனித்தனியாக இயங்கும் 3 ஸோன்கள். ஒரு ஸோன் படுத்தாலும் இன்னொன்றிலுள்ள நகல் பொறுப்பேற்கும்படி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை அமையுங்கள்.

படி 2: பேரேடு
12 வெள்ளியை 1200 சென் என்று முழு எண்ணாகவே எழுதுங்கள். ஃப்ளோட் எனும் தசம எண் வகையில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 2 வரிகள்: என் கணக்கில் -1200, அக்கா கணக்கில் +1200. அவர் வேறு வங்கி என்றால் அந்த +1200, மற்ற வங்கிகளுக்குச் சேர வேண்டியதைக் குறிக்கும் நம் தீர்வுக் கணக்கில் ஏறும். எழுதிய வரியை அழிக்காதீர்கள். தவறென்றால் எதிர்ப்பதிவு போடுங்கள். பினாங்கு ஸ்திரீட்டின் செட்டியார் கிட்டங்கிகளில் (வட்டிக்கடைகளில்) பற்று வரவு எழுதிய ஊர் இது. பேரேட்டின் அருமையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 3: அடையாள எண்
உயிர்நாடி இதுதான். பணம் செலுத்தும் திரை திறக்கும்போதே செயலி ஒரு யூயூஐடி, அதாவது வேறெதற்கும் வராத நீளமான அடையாள எண், உருவாக்கட்டும். எத்தனை தடவை அழுத்தினாலும் அதே எண்தான் போக வேண்டும். சர்வரில் ‘இந்த எண் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது’ என்று நிரல் எழுதாதீர்கள். ஒரே நொடியில் வரும் 2 கோரிக்கைகளுக்கும் ‘இல்லை’ என்றே பதில் கிடைத்துவிடும். டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கான நெடுவரிசைக்கு, ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக்கூடாது என்னும் யூனிக் கட்டுப்பாடு போட்டு, பேரேட்டு வரிகளோடு, எல்லாம் சேர்ந்தே பதிவாகும் அல்லது எதுவுமே பதிவாகாத ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். இரண்டாவது கோரிக்கையை டேட்டாபேஸே தடுத்துவிடும்; அப்போது முதல் கோரிக்கையின் பதிலையே திருப்பி அனுப்புங்கள். அதே எண், வேறு தொகை என்றால் மறுத்துவிடுங்கள்.

படி 4: பதில் வராவிட்டால்
வங்கிகளுக்கிடையிலான பணம், பேநெட் நிறுவனம் நடத்தும் டுயிட்நவ் என்னும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் போகும். பயிற்சிக்கு அதுபோல் நடிக்கும் சின்ன சர்வர் போதும். அது பதில் தராவிட்டால் ‘தோல்வி’ என்று முடிவுகட்டிப் பணத்தைத் திருப்பிவிடாதீர்கள். பணம் போய்ச் சேர்ந்திருக்கலாம். ‘நிலுவை’ என்று குறித்து, நிலையை விசாரிக்கும் வேலையை வரிசையில் போடுங்கள்.

படி 5: சோதனை
ஒரே எண்ணோடு 50 கோரிக்கைகளை ஒரே சமயத்தில் அனுப்புங்கள். நடுவில் சேவையை நிறுத்துங்கள். அப்புறம் அதை எழுப்பி, அதே 50 கோரிக்கைகளையும் மறுபடி அனுப்பிவிட்டுப் பேரேட்டைத் திறந்தால், அந்த எண்ணுக்கு 2 வரிகள் மட்டுமே இருக்க வேண்டும்.