டிஎம்பி102 வெப்பநிலை சென்சார் போர்டு: ஒயர் கொடுப்பதிலிருந்து ஐஸ் சோதனை வரை

டிஎம்பி102 சிப்பை முதல் தடவை பார்த்தபோது, போர்டில் ஏதோ துரும்பு ஒட்டியிருக்கிறது என்று ஊதிவிடப் பார்த்தேன். பக்கத்துக்கு 1.6 மில்லிமீட்டர்தான், அதில் ஆறு கால்கள். கையால் சோல்டர் செய்வது என்னால் ஆகாத காரியம். எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதனால் சிப்பை ஏற்கெனவே பொருத்தி, ஓரத்தில் ஆறு ஓட்டைகள் போட்டு விற்கும் சின்ன போர்டையே வாங்கினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

போர்டில் பின் வரிசையை நீங்களேதான் சோல்டர் செய்ய வேண்டியிருக்கும். பின்களை பிரெட்போர்டில் (சோல்டர் இல்லாமல் ஒயர் செருகும் ஓட்டைப் பலகை) செருகி, மேலே போர்டை வைத்துச் சோல்டர் செய்தால் நேராக நிற்கும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று நொடி போதும்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் என் முதல் போர்டு போய்ச் சேர்ந்தது. இந்தச் சிப்புக்கு 1.4 வோல்ட்டிலிருந்து 3.6 வோல்ட் வரைதான் கொடுக்கலாம். நான் பழக்க தோஷத்தில் சென்சாரைப் படிக்க வைத்திருந்த ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டின் 5 வோல்ட் பின்னில் செருகிவிட்டேன். புகை வரவில்லை, வாசனை வரவில்லை. அதற்குப் பிறகு அது பேசவும் இல்லை. ஊனோ வைத்திருப்பவர்கள் சென்சாரின் விசிசியை (பவர் கால்) 3.3 வோல்ட் பின்னில் கொடுங்கள். எஸ்டிஏ (தகவல்), எஸ்சிஎல் (தாளம்) ஒயர்களில், ஊனோவுக்கும் சென்சாருக்கும் நடுவில், வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் ஒரு லெவல் கன்வர்ட்டர் வையுங்கள், ஏனென்றால் ஊனோவின் சிக்னல்களும் 5 வோல்ட் பழக்கம் உள்ளவை. ஊனோவுக்குப் பதில் வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு என்றால் இந்தத் தொல்லை இல்லை. அது 3.3 வோல்ட்டில்தான் ஓடுகிறது. வழக்கமாக 21ஆம் பின் எஸ்டிஏ, 22ஆம் பின் எஸ்சிஎல். ஜிஎன்டி (கிரவுண்ட்) ஒயரை மறக்காதீர்கள்.

பவர் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, விசிசிக்கும் எஸ்டிஏவுக்கும் நடுவில் பாருங்கள். 4.7 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் போல ஏதாவது காட்டினால் புல்-அப் ரெசிஸ்டர் (யாரும் பேசாதபோது ஒயரை மேல் வோல்ட்டில் பிடித்து வைப்பது) போர்டிலேயே இருக்கிறது. ஒன்றும் காட்டாவிட்டால் விசிசியிலிருந்து எஸ்டிஏவுக்கு ஒன்று, எஸ்சிஎல்லுக்கு ஒன்று என 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை நீங்கள் போட வேண்டும். இவை இல்லாமல் ஐ2சி, அதாவது இந்த இரண்டு ஒயர்ப் பேச்சு, வேலை செய்யாது. செய்வதுபோல் நடித்தாலும் நம்ப வேண்டாம்.

சரி, விலாசம், அதாவது ஐ2சி ஒயரில் சிப்பைக் கூப்பிடும் எண். ஏடிடி0 என்ற காலை எதோடு இணைக்கிறோமோ அதைப் பொறுத்து விலாசம் மாறும். ஜிஎன்டியோடு இணைத்தால் 72, விசிசியோடு 73, எஸ்டிஏவோடு 74, எஸ்சிஎல்லோடு 75. ஹெக்ஸில் பார்த்துப் பழகியவர்களுக்கு 48 முதல் 4 பி வரை. ஆக, ஒரே இரண்டு ஒயரில் நான்கு போர்டுகள். ஐ2சி ஸ்கேனர் என்று ஆர்டுயினோ உதாரணங்களில் கிடைக்கும் சின்ன புரோகிராமை ஓட்டி, விலாசம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லை என்றால் எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் இடம் மாறியிருக்கும். என் விஷயத்தில் பெரும்பாலும் அதுதான்.

இனிப் படிப்பது. லைப்ரரி (ஏற்கெனவே எழுதி வைத்த புரோகிராம்) இருக்கிறது, போட்டால் வேலை முடிந்துவிடும். ஆனாலும் ஒரு தடவையாவது கையால் படித்துப் பாருங்கள், அவ்வளவு அழகான கணக்கு. சிப் இரண்டு பைட் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஓர் எண்) தருகிறது. முதல் பைட் முழு டிகிரி. இரண்டாவது பைட்டை 16ஆல் வகுத்தால் வருவது, ஒரு டிகிரியைப் பதினாறாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்பது. முதல் பைட் 28, இரண்டாவது 128 என்று வைத்துக்கொள்வோம். 128ஐ 16ஆல் வகுத்தால் 8, பதினாறில் எட்டு அரை, ஆக 28.5 டிகிரி செல்சியஸ். ஒரு பங்கு 0.0625 டிகிரி.

பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் வேடிக்கை. ஃபிரீஸருக்குள் போர்டை வைத்து, கதவு இடுக்கில் ஒயரை விட்டு, ஊனோவில் படித்துப் பார்த்தேன்: மைனஸ் 17.75. அதே புரோகிராமை ஒரு வரி மாற்றாமல் இஎஸ்பி32-இல் ஏற்றினேன்: 238.25. ஃபிரீஸர் எரிகிறதோ என்று நிஜமாகவே ஒரு கணம் கதவைத் திறந்து பார்த்தேன்.

கணக்கு இடித்தால் வித்தியாசத்தைப் பார் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். 238.25க்கும் மைனஸ் 17.75க்கும் வித்தியாசம் சரியாக 256. ஊனோவில் 'இன்ட்' (புரோகிராமில் முழு எண்ணை வைக்கும் இடம்) என்பது 16 பிட். அதில் உச்சி பிட் ஒன்றாக இருந்தால் எண் தானாகவே மைனஸ் ஆகிவிடும். இஎஸ்பி32-இல் அதே 'இன்ட்' 32 பிட்; மேலே நிறைய இடம் இருப்பதால் அது பிளஸ்ஸாகவே நின்றுவிடுகிறது. தீர்வு எளிது: முதல் பைட் 128 அல்லது அதற்கு மேல் என்றால் 256ஐக் கழியுங்கள், அப்புறம் பங்குகளைக் கூட்டுங்கள். 238 - 256 = -18; இரண்டாவது பைட் 64, அதாவது கால் டிகிரி; ஆக -17.75. மைனஸில் இருக்கும்போதும் பங்கைக் கூட்டத்தான் வேண்டும், கழிக்கக் கூடாது.

இன்னும் இரண்டு பொய் எண்கள் உண்டு. பவர் வந்த உடனே படித்தால் சரியாக 0 வரும். முதல் அளவெடுப்புக்குச் சுமார் 26 மில்லிநொடி ஆகும், அதுவரை உள்ளே இருப்பது பூஜ்யம். 100 மில்லிநொடி காத்திருந்து படியுங்கள். இன்னொன்று -0.0625. இந்த எண் அசையாமல் நின்றால் குளிர் என்று நினைக்காதீர்கள், ஒயர் கழன்றிருக்கிறது. பதில் இல்லாத இடத்தில் படித்தால் ஒவ்வொரு பைட்டும் 255 ஆக வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 255ஐ 16ஆல் வகுத்து மீதியை விட்டால் 15 பங்கு, ஆக -0.0625தான். எத்தனை பைட் வந்தது என்று சரிபார்த்துவிட்டுப் படித்தால் இந்த மோசடி நடக்காது.

இவ்வளவும் செய்து, எண் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உண்மையான தலைவலி தொடங்கியது. போர்டை இஎஸ்பி32-ஓடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி மேஜைமேல் வைத்திருந்தேன். அறையில் தொங்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரைவிட மூன்று டிகிரி கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்தது. சிப்பைச் சந்தேகித்தேன், புரோகிராமைச் சந்தேகித்தேன். கடைசியில் தெரிந்தது: இந்தச் சிப் காற்றை அளப்பதே இல்லை. அதற்குச் சூடு போவதும் வருவதும் முக்கியமாக உலோகக் கால்கள் வழியாக; கால்கள் போர்டின் செம்பில் ஒட்டியிருக்கின்றன. ஆகவே அது அளப்பது தான் உட்கார்ந்திருக்கும் போர்டை. பக்கத்தில் வைஃபை போட்டுக்கொண்டு இஎஸ்பி32 சூடாகிக்கொண்டிருந்தால் அந்தச் சூட்டையும் சேர்த்துத்தான் சொல்லும். சிப் தானாகச் சூடாவது பற்றிக் கவலை வேண்டாம். அது எடுக்கும் மின்சாரம் 10 மைக்ரோஆம்ப் அளவுதான். ஊனோவுக்கு 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் அதன் ரெகுலேட்டர் இன்னொரு அடுப்பு.

உங்கள் போர்டில் இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் அணைத்து வையுங்கள். பவர் கொடுத்ததும் வரும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அறை மாறாமல் எண் மட்டும் ஏறியிருந்தால், ஏறியது உங்கள் டப்பாவின் சூடு. நான் சென்சாரை 20 சென்டிமீட்டர் மெல்லிய ஒயரில் டப்பாவுக்கு வெளியே கொண்டுவந்தேன், மூன்று டிகிரியும் காணாமல் போனது. சுவரில் ஒட்டாமல், வெயில் படாமல், காற்று தொடும்படி தொங்கவிடுங்கள். ஒயர் தடிமனாக இருந்தால் அதன் செம்பே சூட்டைக் கடத்தும். சுவர், குழாய் போன்ற ஒரு பொருளை அளக்கவேண்டும் என்றால் நேர் எதிர்: போர்டை அதோடு அழுத்தி ஒட்டுங்கள், ஆனால் உலோகம் என்றால் நடுவில் மின்சாரம் கடத்தாத டேப் போடுங்கள்.

எண்ணை எவ்வளவு நம்பலாம்? 0.0625 என்று பின்னம் பின்னமாக வருவதால் மயங்க வேண்டாம். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதியிருப்பதால் ஒரு கணக்கு சரியாகிவிடாது. -25 முதல் 85 டிகிரி வரை வழக்கமான பிழை அரை டிகிரி. மோசமான சிப்பில் 2 டிகிரி வரை போகலாம். அதனால் ஐஸ் சோதனை. ஐஸைப் பொடியாக உடைத்து டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நல்ல தண்ணீர் விடுங்கள். ஐஸ் மிதக்கும் தண்ணீர் போதாது, கூழ் போல இருக்க வேண்டும். போர்டை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, நடுவில் முக்குங்கள். அடிக்கடி கலக்கியபடி பத்து நிமிடம் காத்திருங்கள். உருகும் ஐஸ் கூழ் 0 டிகிரி என்பதால், எண் அசையாமல் நின்றதும் வருவதுதான் உங்கள் சிப்பின் பிழை. என்னுடையது 0.3125 காட்டியது, ஐந்து பங்கு. அதைப் புரோகிராமில் கழித்துவிட்டேன். இது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உள்ள பிழைதான். 60 டிகிரியிலும் இதே அளவுதான் இருக்கும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பேட்டரியில் ஓட்டுபவர்கள் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரில் (சிப்பின் அமைப்புகள் இருக்கும் இடம்) ஷட்டவுன் பிட்டைப் போட்டுச் சிப்பைத் தூங்க வைத்து, தேவைப்படும்போது மட்டும் ஒரு அளவு கேட்கலாம். சூடு எல்லை தாண்டினால் சொல்லும் அலர்ட் காலுக்குப் பிறவியிலேயே 80 டிகிரி, 75 டிகிரி என்று எல்லைகள் வைத்திருக்கிறார்கள். வேறு எல்லை வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளுங்கள், அந்தக் காலுக்கும் ஒரு புல்-அப் வேண்டும்.

ஒயரை மட்டும் இஷ்டத்துக்கு நீட்டாதீர்கள். ஐ2சி ஒரே போர்டுக்குள் பேசுவதற்கென்று வந்தது. ஒயர் நீள நீள சிக்னல் மழுங்கும். ஒரு மீட்டருக்குள் வைத்து, வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலேயே விடுங்கள். தோட்டத்து மூலை வரை போக வேண்டும் என்றால் நீள ஒயரைத் தாங்கும் டிஎஸ்18பி20 என்ற வேறு வெப்பநிலை சென்சாரை வாங்கிக்கொள்வது நல்லது.