கதிர்வீச்சு எடுத்தவர்கள் பல் பிடுங்கும் முன்…

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து 10 வருடம் ஆனாலும் சரி, பல் பிடுங்கப் போகும்போது "இந்தத் தாடையில் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்" என்று பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல் எடுத்த இடம் ஆறாமல், எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோங்கள்.

பிடுங்கும் நிலைக்கே விடாமல் பல்லைக் காப்பாற்றிக்கொள்வது அதைவிட நல்லது. கதிர்வீச்சால் உமிழ்நீர் வற்றிய வாயில் சொத்தை வேகமாக வரும், அதுவும் ஈறை ஒட்டியே. எங்கள் சித்தப்பாவின் தலைமாட்டில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். ராத்திரி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழித்துவிடுவார், பாவம். இட்லியைக்கூடச் சாம்பாரில் ஊறவிட்டுத்தான் விழுங்குவார்.

வறட்சிக்கு எலுமிச்சை மிட்டாய் சப்பாதீர்கள். புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்து பல்லை அரித்துவிடும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். ஃப்ளோரைடு அதிகமுள்ள பேஸ்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலி இல்லாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டிவிடுங்கள்.